அரை மாத்திரையும் ஒரு நொதியும்

ரத்தப் புற்றுநோய்க்கு மருத்துவமனையில் நடக்கும் கடுமையான சிகிச்சை முடிந்த பிறகு, குழந்தைகளுக்கு வீட்டிலேயே கொடுக்கச் சொல்லும் மாத்திரை மெர்காப்டோப்யூரின். ஒரு மாத்திரை 50 மில்லிகிராம். உயரத்தையும் எடையையும் வைத்து மருத்துவர் கணக்கிடும் அளவு அந்த ஐம்பதுக்குள் ஒழுங்காக அடங்குவதில்லை. அதனால் திங்கள் முதல் வெள்ளி வரை அரை, சனி ஞாயிறு முழுசு என்பது போலச் சீட்டில் எழுதித் தருவார்கள். அம்மா மாத்திரையை நடுக்கோட்டில் உடைப்பார். உடைந்தது சரிபாதிதானா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். மீதிப் பாதியைக் காகிதத்தில் மடித்து, மற்ற பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பார். இது ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு தொடரும் வேலை. இடையிடையே ரத்தப் பரிசோதனை. வெள்ளை அணு குறைந்துவிட்டால், “மாத்திரைய நிறுத்திடுங்க, அடுத்த வாரம் கவுண்ட் பாத்துட்டுச் சொல்றோம்” என்பார்கள்.

திண்டிவனம் வட்டாரத்து ஓமந்தூர், கிளியனூர்ப் பக்கத்து வீடுகளில் பெரிய நோய் என்றால் கால்கள் தானாகவே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையை நோக்கித் திரும்பும். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் பேருந்து கோரிமேட்டில் அந்த மருத்துவமனையைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைகிறது. புற நோயாளிகள் வரிசையில் நிற்கும் பெற்றோருக்கு, ரத்த அணு எண்ணிக்கையைக் குறிக்கும் கவுண்ட் என்ற சொல் தமிழாகவே ஆகிவிட்டது. அந்த வரிசையில் நிற்பவர்கள் கவனித்திருக்கக்கூடிய ஒன்று உண்டு. ஒரே வயது, ஒரே எடை, ஒரே அளவு மருந்து. ஒரு பிள்ளைக்கு வெள்ளை அணு மூவாயிரத்தை ஒட்டி நிற்கிறது, அடுத்த பிள்ளைக்குச் சடசடவென்று சரிந்து காய்ச்சலோடு வார்டில் சேர்க்க வேண்டிவருகிறது.

இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு, 245 அமினோ அமிலங்களால் ஆன ஒரு சின்னப் புரதத்தின் கணக்கில் வருகிறது. முழுப்பெயர் தயோப்யூரின் மெத்தில்டிரான்ஸ்ஃபரேஸ், சுருக்கமாக டி.பி.எம்.டி. கந்தகம் உள்ள சில சேர்மங்களைப் பிடித்து, அந்தக் கந்தகத்தின் மேல் ஒரு மெத்தில் தொகுதியை ஏற்றிவிடும் நொதி இது. மெத்தில் தொகுதி என்பது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு, வேறொன்றுமில்லை. அதை நொதிக்குக் கொடுப்பது எஸ்-அடினோசில்மெத்தியோனின் என்ற மூலக்கூறு. ஜூலியோ கான்டோனி என்ற உயிர்வேதியியலாளர் 1950களின் தொடக்கத்தில் அடையாளம் கண்ட இந்தப் பொருள்தான் உடலில் நடக்கும் பெரும்பாலான மெத்தில் மாற்றங்களுக்கு மூலதனம்.

கந்தகத்துக்கு மெத்தில் ஏற்றும் வேலை டி.பி.எம்.டி.க்கு மட்டும் சொந்தமானதல்ல. ஹோமோசிஸ்டீனின் கந்தகத்தில் மெத்திலை ஏற்றி அதை மெத்தியோனினாக மாற்றும் மெத்தியோனின் சிந்தேஸ் நம் எல்லோர் உடலிலும் இருக்கிறது. அதற்கு பி-12 வைட்டமினும் ஃபோலேட்டும் வேண்டும். பால்கூடக் குறைவாகவே சேர்த்துக்கொள்ளும் சைவ உணவுக்காரர்களிடம் ஹோமோசிஸ்டீன் உயர்வது இந்த வழியில்தான். குடலில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சுக்கும் மெத்தில் ஏற்றும் நொதி ஒன்று கல்லீரலில் உண்டு. எலியின் கல்லீரலிலிருந்து அந்த நொதியை 1979இலேயே பிரித்தெடுத்தார்கள். மனிதரில் அந்த வேலையைச் செய்யும் புரதங்களில் ஒன்றான மெட்டில்-7பி 2021இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் கேப்டோப்ரில் மாத்திரையின் கந்தகத்திலும் அது மெத்தில் ஏற்றுகிறது. ஓமந்தூரிலிருந்து கிழக்கே மரக்காணம் போனால் மூக்கில் ஏறும் கடல் வாடையின் பின்னாலும் இந்தக் குடும்பத்து நொதிகள் இருக்கின்றன. கடல் நுண்பாசிகள் மெத்தியோனினிலிருந்து மெத்தில் ஏறிய ஒரு கந்தகச் சேர்மத்தைத் தயாரிக்கின்றன, பாக்டீரியாக்கள் அதை உடைக்கின்றன, டைமெத்தில் சல்ஃபைடு காற்றில் கலக்கிறது. ஆனால் மனித உயிரோடு நேரடியாக விளையாடுவது டி.பி.எம்.டி.தான் என்பதால் இந்தக் கட்டுரை அதோடு நின்றுகொள்கிறது.

அந்த விளையாட்டு தொடங்கக் காரணமான மருந்தைச் செய்தவர் கெர்ட்ரூட் எலியன். பதினைந்து வயதில் தாத்தா வயிற்றுப் புற்றுநோயில் இறந்ததைப் பார்த்து வேதியியல் பக்கம் வந்தவர். பெண் என்பதால் ஆய்வகங்களில் வேலை கிடைக்காமல் அலைந்தவர். முனைவர் பட்டம் வாங்காதவர். பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிச்சிங்ஸோடு சேர்ந்து அவர் எடுத்த வழி எளிமையானது: டி.என்.ஏ. கட்டுவதற்குச் செல்லுக்குத் தேவைப்படும் பியூரின் மூலக்கூறைப் போலவே ஒரு போலியைச் செய்து, ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகத்தை வைத்துவிடுவது. 1951இல் 6-மெர்காப்டோப்யூரின் வந்தது. 1953இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. அதன் வழித்தோன்றலான அசதியோபிரின் உறுப்பு மாற்று அறுவைக்குக் கதவைத் திறந்தது. 1988இல் இருவருக்கும் நோபல்.

இங்கே கொஞ்சம் ஊர்ப் பக்கம் ஒதுங்கலாம். ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் பிரதமர் பொறுப்பை ஏற்றது 1947 மார்ச்சில். அந்த ஆண்டுதான் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்காகச் சுமார் இருபது ஆண்டு போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர் 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அதே 1947இன் இறுதியில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். மருந்து வந்தது லெடர்லி ஆய்வகத்திலிருந்து. அங்கே ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ். அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறையும் எலியனின் மெர்காப்டோப்யூரின் தினமும் என்ற ஜோடி இன்றுவரை மாறவில்லை. 1980களில் அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து அடையாறு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் எடுத்துக்கொண்ட எம்.சி.பி. 841 சிகிச்சை முறையிலும் பராமரிப்புக் கட்டத்தின் முதுகெலும்பு இந்த இரண்டு மாத்திரைகள்தான்.

மெர்காப்டோப்யூரின் உள்ளே போனதும் அதற்கு முன்னால் மூன்று பாதைகள். ஒன்றில், செல்லுக்குள் படிப்படியாக மாறி தயோகுவானின் நியூக்ளியோடைடு ஆகி, டி.என்.ஏ.வில் போலி எழுத்தாக நுழைந்து, பெருகும் செல்லைக் கொல்கிறது. நோயைக் குணமாக்குவது இதுதான். அளவு மிஞ்சினால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்வதும் இதுதான். இரண்டாவது பாதையில் சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைச் செயலிழக்கச் செய்கிறது. மூன்றாவது பாதையில்தான் டி.பி.எம்.டி. நிற்கிறது. கந்தகத்தில் மெத்தில் ஏறிவிட்டால் அந்த மூலக்கூறு போலி எழுத்தாக மாறும் வாய்ப்பை இழக்கிறது. எலும்பு மஜ்ஜையில் சாந்தீன் ஆக்சிடேஸ் மிகக் குறைவு. ஆகவே அங்கே காவல் முழுக்க டி.பி.எம்.டி. தலையில்.

காவல் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் காட்டியவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரிச்சர்ட் வைன்ஷில்பௌம். 1980இல் அவரும் சூசன் ஸ்லாடெக்கும் 298 பேரின் சிவப்பணுக்களில் இந்த நொதியின் வேகத்தை அளந்தார்கள். நூற்றுக்கு எண்பத்தொன்பது பேரிடம் அது வேகமாக வேலை செய்தது. பதினொரு பேரிடம் நடுத்தரம். முந்நூறில் ஒருவரிடம் அறவே இல்லை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என வரும் மரபணுப் பிரதிகள் இரண்டும் பழுதானால் நொதி இல்லை, ஒன்று பழுதானால் பாதி. பள்ளிப் பாடத்தில் வரும் மெண்டலின் பட்டாணிக் கணக்கு அப்படியே. அறவே இல்லாத அந்த ஒருவருக்கு வழக்கமான அளவு மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பது 1991இல் வெளியான ஒரு சிறுமியின் மருத்துவ வரலாற்றில் தெரிந்தது. வில்லியம் எவன்ஸ் குழுவினர் அவளுக்கு அளவைக் குறைத்துக்கொண்டே போய், வழக்கமானதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்த பிறகுதான் அவள் உடல் மருந்தைத் தாங்கியது. மருந்தை நிறுத்தத் தேவையில்லை, அளவைத்தான் மாற்ற வேண்டும் என்ற பாடம் அங்கிருந்து வந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் லின் லென்னார்ட் காட்டியது போல, நொதி மிக வேகமாக வேலை செய்தால் தயோகுவானின் குறைந்துபோகும். அந்தப் பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து. சிலருக்கு மெத்தில் ஏறிய கழிவுப்பொருள் குவிந்து கல்லீரலைத் தாக்குகிறது. ஆக நொதி குறைந்தாலும் தொல்லை, மிஞ்சினாலும் தொல்லை.

பழுது எப்படி வருகிறது? மரபணுவில் ஓரிரு எழுத்து மாறினால் போதும். ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் 3ஏ வகையில் இரண்டு மாற்றங்கள். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மிகுதியான 3சி வகையில் ஒன்று. மாறிய புரதம் சரியாக மடங்காமல் போக, செல்லே அதைக் குப்பையென்று பிரித்துப் போட்டுவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த நொதி அறவே இல்லாதவர் மெர்காப்டோப்யூரின், அசதியோபிரின் போன்ற தயோப்யூரின் மருந்து தொடாதவரை எந்தக் குறையும் இல்லாமல் வாழ்கிறார். உடலுக்குள் இதன் இயற்கையான வேலை என்ன என்பது இதுவரை அறிவியலுக்குப் பிடிபடவில்லை. மனிதன் 1951இல் செய்த ஒரு மருந்துக்காகக் கோடி ஆண்டுகளாக ஒரு நொதி காத்திருந்திருக்க முடியாது. பயிர்களைத் தாக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவில் இதன் உறவுக்காரப் புரதம் ஒன்று டெலூரியம் நஞ்சிலிருந்து காக்கிறது. கந்தகத்தின் இரசாயன உறவினரான டெலூரியத்தை வைத்து ஊகம் செய்யலாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இனி நம் ஆட்களின் கணக்கு. மேலே சொன்ன முந்நூறில் ஒருவர் என்ற எண் அமெரிக்க வெள்ளையரிடம் எடுத்தது. பாடப்புத்தகங்களும் மருந்துப் பெட்டிக் குறிப்புகளும் அதையே உலகக் கணக்காக ஏற்றுக்கொண்டன. ஜிப்மர் மருந்தியல் துறையில் சி. ஆதித்தன் குழுவினர் தென்னிந்தியரிடம் மருந்து மாற்றும் மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பல ஆண்டுகள் அளந்தார்கள். அந்த வரிசையில் 2012இல் வெளியான ஆய்வு டி.பி.எம்.டி.யையும் சேர்த்துக்கொண்டது. இப்படிப்பட்ட ஆய்வுகளும் உலக மரபணுத் தொகுப்புகளும் சேர்ந்து காட்டுவது இதுதான்: ஐரோப்பியரில் நூறு மரபணுப் பிரதிகளில் ஐந்துக்குப் பக்கம் பழுது, தெற்காசியரில் ஏறக்குறைய அதில் பாதி. நிம்மதியான செய்தி போலத் தெரிகிறது. ஆனால் இந்திய மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பது வேறு. டி.பி.எம்.டி. நன்றாக இருக்கும் நோயாளிகளிடமும் வெள்ளை அணு சரிகிறது. ஐரோப்பியருக்குக் கொடுக்கும் அளவை நம்மவர் பலர் தாங்குவதில்லை.

விடை கொரியாவிலிருந்து வந்தது. குடல் அழற்சி நோயாளிகளை ஆராய்ந்த குழு ஒன்று 2014இல் நட்-15 என்ற வேறொரு மரபணுவைச் சுட்டிக்காட்டியது. இந்த மரபணு தரும் நொதி மெத்தில் ஏற்றுவதில்லை. டி.என்.ஏ.வுக்குள் நுழையத் தயாராக நிற்கும் போலி எழுத்துகளைக் கடைசி வாசலில் பிடித்து முடமாக்குகிறது. உலையில் போடுமுன் அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை. இதில் பழுது இருந்தால் டி.பி.எம்.டி. எவ்வளவு நன்றாக இருந்தாலும் கல் உலைக்குள் போய்விடும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஜப்பான், சிங்கப்பூர், குவாதமாலாக் குழந்தைகளிடமும் இது உறுதியானது.

உலக மனிதர்களின் மரபணு வேறுபாடுகளைத் தொகுத்த ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தில் தெற்காசியர் ஐந்து குழுக்களாக இருக்கிறார்கள். அவற்றில் ஒன்று பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர். அந்த ஐந்து குழுக்களையும் சேர்த்துப் பார்த்தால் நட்-15இன் முக்கியமான பழுது நூறு பிரதிகளில் ஏறக்குறைய ஏழில் இருக்கிறது. ஐரோப்பியரிடம் அது ஒன்றுக்கும் கீழே. கணக்குப் போட்டால், நம்மில் எட்டுப் பேரில் ஒருவருக்கு ஒரு பிரதி பழுது, இருநூறு பேரில் ஒருவருக்கு இரண்டுமே பழுது. டி.பி.எம்.டி.யின் இரண்டு பிரதிகளும் பழுதாவது நம்மில் இரண்டாயிரத்தில் ஒருவருக்குக் கீழே. 2020இல் ஹைதராபாத் இரைப்பை குடல் மருத்துவ நிறுவனத்தின் மருத்துவர்கள் 1,014 குடல் அழற்சி நோயாளிகளைப் பின்தொடர்ந்து எழுதிய கட்டுரையும் இதையே சொன்னது: அசதியோபிரினால் வெள்ளை அணு குறையப்போகிறவரை முன்கூட்டிக் காட்டுவதில் டி.பி.எம்.டி.யைவிட நட்-15 மேல்.

நட்-15 இரண்டும் பழுதானவரிடம் கண்ணுக்குத் தெரியும் ஓர் அறிகுறி உண்டு. மருந்து தொடங்கி இரண்டு மூன்று வாரத்துக்குள் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். வெள்ளை அணு சரிவதும் அதை ஒட்டியே வரும். “புற்றுநோய் மருந்து என்றால் முடி கொட்டத்தான் செய்யும்” என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும் நாட்கள் மிக ஆபத்தான நாட்கள். இந்த மாத்திரைக்கு அப்படி முடி கொட்டுவது வழக்கமே இல்லை. குடல் நோய்க்கோ தோல் நோய்க்கோ அசதியோபிரின் தொடங்கியவருக்கு இப்படி நடந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றே கவுண்ட் பார்க்க வேண்டும்.

தோல் நோயைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. திண்டிவனம் வட்டாரம் நிலக்கடலைக்குப் பேர்போனது. டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை ரகங்களின் பெயரில் ஒட்டியிருப்பதே திண்டிவனம்தான். அந்தக் காட்டு ஓரங்களில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியம் சிலருக்கு முகத்திலும் கழுத்திலும் முழங்கையிலும் தீராத அரிப்பையும் தடிப்பையும் கொடுக்கிறது. ஸ்டீராய்டை நிறுத்தினால் திரும்ப வரும் இந்த நோய்க்கு அசதியோபிரின் நன்றாகக் கேட்கிறது என்று டெல்லி எய்ம்ஸ் தோல் மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆக, ரத்தப் புற்றுநோய் என்ற சொல்லே கேள்விப்படாத ஒரு கடலை விவசாயியும் இந்த நொதிகளின் எல்லைக்குள் வந்துவிடுகிறார். சிறுநீரக மாற்றுக்காரர்கள் கதையும் இதுவே. 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்த காலத்தில், பொருத்திய உறுப்பை உடல் ஒதுக்காமல் காத்த உலகளாவிய முறை அசதியோபிரினும் ஸ்டீராய்டும்தான். லூபஸ், மயஸ்தீனியா, பெம்ஃபிகஸ் என்று அசதியோபிரின் எழுதப்படும் நோய்களின் பட்டியல் நீளும்.

அப்படியானால் மாத்திரை எழுதுமுன் எல்லோருக்கும் மரபணுச் சோதனை செய்துவிடலாமே? நெதர்லாந்தில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட குடல் நோயாளிகளை வைத்து நடந்த டாபிக் என்ற சோதனை (2015) இதற்கு இரண்டு பதில் தந்தது. டி.பி.எம்.டி. பார்த்து அளவு கொடுத்த குழுவுக்கும் பார்க்காமல் கொடுத்த குழுவுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் பழுதான மரபணு உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், சோதனை செய்யாத குழுவில் நூற்றுக்கு 23 பேருக்கு வெள்ளை அணு சரிந்தது. செய்த குழுவில் மூவருக்குக்கூட இல்லை. சோதனை சிலரைக் காப்பாற்றுகிறது, பலருக்குப் பயனில்லை. ஐரோப்பாவில் டி.பி.எம்.டி.க்கு வந்த இந்தக் கணக்கைக் காட்டி இங்கே சோதனையே வீண் என்று வாதிடுவது சரியாகாது. எட்டில் ஒருவருக்குப் பழுதுள்ள நட்-15ஐ வைத்துக் கணக்குப் போட்டால் நம் ஊரில் தராசு சோதனையின் பக்கம் சாயும். டி.பி.எம்.டி. மட்டும் பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மல், முழு அளவு கொடுக்கலாம்” என்று எழுதும் பரிசோதனைக்கூட அறிக்கை தமிழ் நோயாளிக்குப் பாதி அறிக்கைதான். இரண்டும் வேண்டும், ஒன்றுக்குத்தான் வசதி என்றால் நட்-15 முதலில். பன்னாட்டு மருந்து மரபணுக் கூட்டமைப்பும் 2018இல் திருத்திய வழிகாட்டியில் இரண்டு மரபணுக்களையும் சேர்த்தே அளவு சொல்கிறது.

எந்தச் சோதனையும் கவுண்டை ஓய்வுக்கு அனுப்பாது. மரபணு இரண்டும் சுத்தமாக இருந்தும் வெள்ளை அணு குறைபவர்கள் நிறையப் பேர். இடையிடையே சிறிதளவு ரத்தம் எடுத்துப் பார்க்கும் அந்தப் பழைய சோதனைதான் மிச்சம் எல்லாவற்றையும் பிடிக்கிறது. அதற்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியோ திண்டிவனம் அரசு மருத்துவமனையோ போதும். முடிவைத் தொலைபேசியில் கேட்டு அளவைச் சொல்லப் புதுச்சேரியிலோ சென்னையிலோ ஒருவர் இருந்தால், ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் மிஞ்சும்.

நோயாளி வீட்டுக்கு நேரடியாகத் தேவைப்படும் சில விவரங்கள் பாக்கி. டி.பி.எம்.டி.யைச் சிவப்பணுவில் அளப்பதாக இருந்தால் அண்மையில் ரத்தம் ஏற்றியிருக்கக் கூடாது. ஏற்றியிருந்தால் சோதனைக்கூடம் அளப்பது ரத்தம் கொடுத்தவரின் நொதியை. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் அநேகமாக எல்லோருக்கும் ரத்தம் ஏற்றப்படுவதால் அவர்களுக்கு மரபணுச் சோதனையே பொருத்தம். இரண்டாவது, யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோப்யூரினால். அதையும் செய்தவர் எலியன்தான், மெர்காப்டோப்யூரினின் வீரியத்தைக் கூட்டுவதற்காகவே முதலில் முயன்றார். அது சாந்தீன் ஆக்சிடேஸை அடைத்துவிடுவதால் இரண்டும் சேர்ந்தால் மெர்காப்டோப்யூரினை நான்கில் ஒன்று, மூன்றில் ஒன்று அளவுக்குக் குறைக்க வேண்டும். அசதியோபிரின் சாப்பிடும் பெரியவர் மூட்டுவலி என்று வேறு மருத்துவரிடம் போய் அலோப்யூரினால் வாங்கி வந்துவிடுவது நம் ஊர்களில் எளிதாக நடக்கக்கூடியது. மருந்துக் கடையில் கேட்பாரும் இல்லை.

பாலோடு கொடுக்கக் கூடாது, இரவில்தான் கொடுக்க வேண்டும் என்று பல வீடுகளில் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பசும்பாலில் சாந்தீன் ஆக்சிடேஸ் இருப்பது உண்மை. ஆனால் அமெரிக்கக் குழந்தைகள் புற்றுநோய்க் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், பாலோடு கொடுத்தாலும் காலையில் கொடுத்தாலும் நோய் திரும்புவதில் வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் காட்டியது வேறு. ஸ்மிதா பாட்டியா தலைமையில் நடந்த ஆய்வுகளில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நாளுக்குக் குறைவாக மாத்திரை சாப்பிட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல். மாதத்தில் இரண்டு நாள் விட்டாலே அந்தக் கோட்டைத் தாண்டியாயிற்று. திருவிழா, பிரயாணம், மருந்து தீர்ந்த சனிக்கிழமை எல்லாம் சேர்ந்தும் அந்த இரண்டு நாளை எட்டிவிடக் கூடாது.

மரபணுச் சோதனை வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும், முடிவு மாறாது. ஆறு வயதில் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட பையனுக்கு நாற்பது வயதில் வேறொரு ஊரில், வேறொரு துறையில் அசதியோபிரின் எழுதப்படலாம். அவனுடைய பழைய சிகிச்சை நோட்டின் முதல் பக்கத்தில், ரத்த வகைக்குப் பக்கத்தில், டி.பி.எம்.டி. என்ன, நட்-15 என்ன என்று இரண்டு வரி எழுதித் தரச் சொல்லிப் பெற்றோர் கேட்கலாம். அவனுடைய தம்பி தங்கையிடமும் அதே பழுது இருக்க நாலில் ஒன்றோ இரண்டில் ஒன்றோ வாய்ப்பு உண்டு என்பதால் அந்த இரண்டு வரி அவர்களுக்கும் உதவும்.